பழைய டயர், பதினாறு மூட்டை மணல்

கொல்லைப்புறத்தில் குழந்தைகளுக்கு ஒரு விளையாட்டு இடம். செலவு கொஞ்சம்தான், கவனம்தான் நிறைய வேண்டும்

மேற்கு வங்காளத்தின் கரக்பூர். அங்கே ஐ.ஐ.டி.யில் கட்டடக்கலை படித்துக்கொண்டிருந்த பூஜா ராய் ஒரு குழந்தைகள் இல்லத்துக்குப் போனார். குழந்தைகள் பேட்மின்டன் ஆடிக்கொண்டிருந்தார்கள். மட்டை? காலில் கிடந்த ரப்பர் செருப்பு. வேறு யாராவதாக இருந்தால் நான்கு மட்டை வாங்கிக் கொடுத்து, கூட நின்று போட்டோ எடுத்துக்கொண்டு திரும்பியிருப்பார்கள். பூஜாவும் நண்பர்களும் விளையாட்டு மைதானமே அமைத்துத் தருவதென்று கிளம்பினார்கள். கம்பெனிச் சறுக்குமரமும் ஊஞ்சலும் மாணவர்கள் வாங்கும் விலையில் இல்லை. கைக்கு எட்டியது தேய்ந்துபோன டயர். அதைக் கழுவி, பெயின்ட் அடித்து, போல்ட் போட்டு முடுக்கி, ஏறவும் தொங்கவும் ஒளியவும் ஓர் இடம் செய்தார்கள். 2016இல் பெங்களூரில் 'ஆன்ட்ஹில் கிரியேஷன்ஸ்' என்ற அமைப்பாக உருவெடுத்த அந்த முயற்சி, இன்று பல மாநிலங்களில் நூற்றுக்கணக்கான டயர் மைதானங்களை அமைத்திருக்கிறது. பெரும்பாலும் அரசுப் பள்ளிகளில்.

பள்ளிக்கூடத்துக்குச் சரிப்பட்டது வீட்டுக்கு ஏன் சரிப்படாது? ரயில்வே குவார்ட்டர்ஸோ, பிலாய் டவுன்ஷிப்போ, நெய்வேலியோ, கோயமுத்தூர்ப் பக்கத்து ஓட்டு வீடோ, பின்னால் பத்துக்குப் பதினைந்தடி மண் தரை இருந்தால் அதுவே தாராளம். பிரச்சினை என்னவென்றால், அந்த மண் தரைதான் இப்போது வேகமாக மறைந்துகொண்டிருக்கிறது. கையில் கொஞ்சம் காசு வந்ததும் நாம் செய்கிற முதல் காரியம், கொல்லையில் டைல்ஸ் பதித்துக் காரை நிறுத்துவது. பையன் வீட்டுக்குள் செல்போனோடு உட்கார்ந்திருக்கிறான் என்று புலம்புவது அதற்குப் பிறகு.

புலம்பலில் நியாயம் இருக்கிறது. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஓர் ஆய்வு நடந்தது. ஆறு பள்ளிகளில் முதல் வகுப்புக் குழந்தைகளைத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளியில் விட்டார்கள். மற்ற ஆறு வழக்கம்போல. மூன்று ஆண்டுக்குப் பிறகு, வழக்கம்போல இருந்த பள்ளிகளில் கிட்டப்பார்வை வந்தவர்கள் 39.5 சதவீதம். வெளியில் விடப்பட்டவர்களில் 30.4 சதவீதம். 2015இல் வெளியான முடிவு இது. மருந்தில்லை, மாத்திரையில்லை, வெளிச்சத்தில் நாற்பது நிமிடம், அவ்வளவுதான். விளையாடுவது குழந்தையின் உரிமை என்று ஐ.நா. உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு சொல்கிறது. 1992இல் இந்தியாவும் அதை ஏற்றுக்கொண்டிருக்கிறது. 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் பள்ளிக்கு மைதானம் வேண்டும் என்கிறது. சட்டம் கொல்லைப்புறத்துக்கு வராது. அது பெற்றோர் கையில்.

குப்பையில் பிறந்த யோசனை

கடைக்குப் போனால் யானை வடிவில் பிளாஸ்டிக் சறுக்குமரம் கண்ணைப் பறிக்கும். வாங்கலாம். ஆனால் சறுக்குமரத்தில் செய்யக்கூடியது ஒன்றுதான், சறுக்குவது. பத்து நாளில் அலுத்துவிடும். பிறகு அதன்மேல் துணி காயும்.

டென்மார்க்கில் சோரன்சன் என்ற தோட்டக்கலை நிபுணர் இதை எப்போதோ கவனித்திருந்தார். அவர் அழகழகாக அமைத்த பூங்காக்களை விட்டுவிட்டு, குழந்தைகள் கட்டட வேலை நடக்கிற இடத்தில் கிடந்த பலகை, குழாய், செங்கல்லோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தார்கள். சரி, அதையே கொடுத்துவிடுவோம் என்று, 1943இல், நாடு ஜெர்மானியர் பிடியில் இருந்தபோது, கோபன்ஹேகனை அடுத்த எம்ட்ரூப்பில் உலகின் முதல் 'குப்பை மைதானம்' திறக்கப்பட்டது. 1947 முதல் ஆம்ஸ்டர்டாமில் ஆல்டோ வான் ஐக் என்ற இளம் கட்டடக்கலைஞர் நகரசபைக்காக எழுநூறுக்கும் மேற்பட்ட விளையாட்டு இடங்களை வடிவமைத்தார். போரில் இடிந்த வீட்டு மனைகள் அவற்றில் பல. யானை கிடையாது, ஒட்டகம் கிடையாது. மணல் தொட்டி, வளைந்த இரும்புக் கம்பி, தாவுவதற்குச் சில கற்கள். யானையா, கப்பலா, கோட்டையா என்பதைக் குழந்தை முடிவுசெய்யட்டும் என்பது அவர் கட்சி.

நம்மூரில் இந்தக் கட்சியின் பெரிய ஆள் அரவிந்த் குப்தா. கான்பூர் ஐ.ஐ.டி.யில் படித்த இந்த இன்ஜினீயர், தீக்குச்சியையும் சைக்கிள் வால்வ் டியூப்பையும் வைத்து வடிவியல் சொல்லிக்கொடுத்து, குப்பையிலிருந்து பொம்மை செய்வதையே வாழ்நாள் வேலையாக்கிக்கொண்டார். 2018இல் பத்மஸ்ரீ வந்தது.

முதலில் மணல்

ஒரே ஒரு பொருளுக்குத்தான் காசு இருக்கிறது என்றால் மணலுக்குச் செலவழியுங்கள். இரண்டு வயதுக் குழந்தையும் பத்து வயதுக் குழந்தையும் ஒரே நேரத்தில் சண்டையில்லாமல் (அல்லது குறைந்த சண்டையோடு) ஆடக்கூடியது அது ஒன்றுதான்.

ஐந்தடிக்கு நாலடி போதும். ஒன்றேகால் அடி ஆழம் தோண்டுங்கள். அடியில் மூன்று அங்குலம் உடைந்த செங்கல். அதன்மேல் பழைய நைலான் புடவை ஒன்றை இரண்டாக மடித்து விரியுங்கள். தண்ணீர் வடியும், மணல் கீழே இறங்காது. பாலிதீன் ஷீட் போடாதீர்கள். மழைக்கு அது தொட்டியாகி நாறும். அதற்குமேல் ஒரு அடி உயரத்துக்கு மணல். கணக்குப் போட்டால் 20 கன அடி. தமிழ்நாட்டில் 100 கன அடிக்கு ஒரு யூனிட் என்று விற்கிறார்கள். வடக்கே டிராக்டர் டிராலிக் கணக்கு. அவ்வளவு நமக்கு வேண்டாம். சிமென்ட் சாக்கில் பதினாறு மூட்டை. பக்கத்தில் யாராவது வீடு கட்டிக்கொண்டிருந்தால் மேஸ்திரியிடம் பேசுவது உத்தமம். எம்-சாண்ட் வேண்டாம். கல்லுடைத்த தூள் கூர்மையாக இருக்கும், காய்ந்தால் பறக்கிற தூசு நெஞ்சுக்கு ஆகாது. சலித்து அலசிய ஆற்று மணல்தான் சரி. கிடைக்கிற அளவுக்குத் தொட்டியைச் சின்னதாக்கிக்கொள்ளலாம், தப்பில்லை.

மணலைப் பார்த்ததும் குழந்தைக்கு முன்னால் சந்தோஷப்படுவது தெருப் பூனை. அதற்கு அது கழிப்பறை. பூனை மலத்தில் வரும் கிருமிகள் விளையாட்டுக் காரியமல்ல, கர்ப்பிணி இருக்கிற வீட்டில் கட்டாயம் யோசிக்க வேண்டும். சட்டத்தில் கம்பிவலை அடித்து ஒரு மூடி. சாயங்காலம் ஆட்டம் முடிந்ததும் மூடுவது குழந்தைகளின் வேலை என்று பழக்கினால் பழகிவிடும். சில நாள் நீங்கள்தான் மூடுவீர்கள்.

மணலில் போட எதையும் கடையில் வாங்காதீர்கள். ஓட்டைக் கரண்டி, தேங்காய்ச் சிரட்டை, வடிகட்டி, இட்லித் தட்டு. இட்லித் தட்டு ஒன்று போதும், மதியம் முழுக்க ஹோட்டல் நடக்கும்.

டயரும் கொசுவும்

பஞ்சர் கடைக்காரர் ஸ்கூட்டர் டயரைச் சும்மாவே கொடுத்துவிடுவார், அல்லது டீச் செலவுக்கு. வாங்கும்போது கையை உள்ளே விட்டுத் தடவிப் பாருங்கள். ரேடியல் கார் டயர்களில் ரப்பருக்குள் எஃகுக் கம்பி வலை இருக்கிறது. தேய்ந்த இடத்தில் அது முள்ளாக எட்டிப்பார்க்கும். அப்படிப்பட்டது வேண்டாம். ஸ்கூட்டர், ஆட்டோ டயர்கள் பெரும்பாலும் நைலான். லேசு, அறுக்கவும் சுலபம். லாரி டயரைத் தரையில் படுக்க வைக்கலாம், ஊஞ்சலாகத் தொங்கவிடக் கூடாது. அந்தக் கனத்தோடு ஆடி வந்து இன்னொரு குழந்தையை இடித்தால் என்ன ஆகும்?

ஆறேழு டயர்களைப் பாதி புதையும்படி வரிசையாக நிறுத்தி, உள்ளே மண் அடைத்துவிட்டால் ஏற, தாண்ட, நுழைய ஒரு சுரங்கப் பாதை. படுக்க வைத்தவற்றில் மண் நிரப்பிக் கீரை விதைத்தவர்களும் உண்டு. மண் அடைக்காத டயர் ஒவ்வொன்றிலும் தரையைப் பார்க்கும் பக்கம் நாலைந்து ஓட்டைகள், விரல் நுழையும் அளவுக்கு. இது அலங்காரமல்ல. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு டயருக்குள் தேங்கும் மழைத்தண்ணீரைப் போலப் பிடித்த இடம் வேறில்லை. முட்டை கொசுவாக ஒரு வாரம், பத்து நாள் போதும். தண்ணீர் வற்றினாலும் முட்டை மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து அடுத்த மழைக்குப் பொரியும். குழந்தைக்கு மைதானம் அமைக்கிறேன் என்று தெருவுக்கே ஜுரம் வரவழைக்க வேண்டாம்.

கறுப்பு ரப்பர் வெயிலில் தோலைப் பதம் பார்க்கும். நாக்பூரிலும் வேலூரிலும் மே மாதம் எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. வெளிர் நிறம் அடியுங்கள், மர நிழலில் வையுங்கள். பெயின்ட் டப்பாவின் லேபிளையும் படியுங்கள். வீட்டு பெயின்ட்டில் காரீயம் 90 பி.பி.எம்.முக்கு மேல் இருக்கக் கூடாது என்ற விதி 2017 நவம்பரிலிருந்து நடைமுறையில் இருக்கிறது. மாடிப்படிக்கு அடியில் பத்து வருஷமாகக் கிடக்கும் பழைய டப்பாவைத் தீர்க்க இது சமயமல்ல.

விழத்தான் செய்வார்கள்

ஊஞ்சல் கட்டத் தோதான மரம் எது என்று பாட்டியைக் கேளுங்கள், முருங்கை அல்ல என்று முதலில் சொல்வார். வேம்பு, மா, புளி நல்லது. பெரியவர் தொடைப் பருமனாவது இருக்கும் பச்சைக் கிளை. கயிறு உராயும் இடத்தில் பழைய சைக்கிள் டியூப்பைச் சுற்றுங்கள். மரத்துக்கும் நல்லது, கயிற்றுக்கும் நல்லது. நைலான் கயிறு வெயிலில் இற்றுப்போகும். மேலே பளபளப்பாகவே இருக்கும், அதுதான் ஏமாற்று. மாதம் ஒருமுறை அப்பா உட்கார்ந்து ஆடிப் பார்க்கட்டும்.

உயரத்தைவிட முக்கியம் கீழே என்ன இருக்கிறது என்பது. அமெரிக்காவின் நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் தரும் கணக்குப்படி, நாலடி உயரத்திலிருந்து விழும் குழந்தையைத் தாங்க ஒன்பது அங்குல மணல் வேண்டும். புல்தரையை அது கணக்கிலேயே சேர்ப்பதில்லை, மிதித்து இறுகிவிடும் என்பதால். ஏறும் சாதனத்தைச் சுற்றிலும் ஆறடி காலியாக இருக்க வேண்டும். துணி துவைக்கும் கல்லுக்குப் பக்கத்தில் ஊஞ்சல் கட்டுகிறவர்கள் இதைக் கவனிக்கவும். மூங்கிலோ சவுக்குக் கம்போ வைத்து ஏணி கட்டினால், படிகளின் இடைவெளி மூன்றரை அங்குலத்துக்குக் குறைவாக இருக்கட்டும், இல்லையென்றால் ஒன்பது அங்குலத்துக்கு மேல். நடுவே இருந்தால் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளும். துப்பட்டாவோடும், கழுத்தில் கயிறோடும் ஏறவிடக் கூடாது.

கொல்லையில் சிமென்ட் போட்டாகிவிட்டதா? பரவாயில்லை, சாக்பீஸ் இருக்கிறது. நாம் பாண்டி என்பதைத் தெலுங்கில் தொக்குடு பில்ல, கன்னடத்தில் குண்டெ பில்லெ, தில்லியில் ஸ்டாபு, கொல்கத்தாவில் எக்கா தொக்கா என்கிறார்கள். உடைந்த ஓட்டுச் சில்லுக்கு எல்லா மொழியிலும் விலை ஒன்றுதான். கட்டடக்கலைஞர் கபீர் வாஜ்பேயி, யுனிசெஃப் உதவியோடு உருவாக்கிய 'பாலா' திட்டத்தில் பள்ளிக் கட்டடமே பாடப் பொருள். கதவு திறந்து மூடும் இடத்தில் தரையில் கோணமானியை வரைந்துவிட்டால் கதவே பாடம் நடத்தும். வீட்டுக் கொல்லைக் கதவிலும் அது நடக்கும், ஒரு சின்ன டப்பா பெயின்ட் செலவில்.

இதையெல்லாம் தொடங்குமுன் கொல்லையை ஒருமுறை சுற்றி வாருங்கள், குழந்தையின் உயரத்துக்குக் குனிந்து. கிணற்றுக்குக் கம்பி மூடி இருக்கிறதா? செப்டிக் டாங்க் பலகை அசைகிறதா? தண்ணீர் இறைத்து வைத்த அண்டா? தத்தித் தத்தி நடக்கும் குழந்தை மூழ்கச் சில அங்குலத் தண்ணீர் போதும். எல்லாவற்றுக்கும் மேலாக, வற்றிப்போன போர்வெல். மேலே ஒரு சாக்கைக் கட்டிவைத்துவிட்டு மறந்துவிடுவது நம் வழக்கம். நாடு முழுக்க இப்படிப் போன குழந்தைகளுக்குப் பிறகுதான் 2010இல் உச்ச நீதிமன்றம் தலையிட்டது. கைவிட்ட குழியை அடியிலிருந்து தரைமட்டம் வரை களிமண், மணல், கற்களால் முழுக்க நிரப்ப வேண்டும் என்பது அதன் உத்தரவு. ஒன்பது ஆண்டு கழித்து, 2019 அக்டோபரில், மணப்பாறை அருகே நடுக்காட்டுப்பட்டியில் இரண்டு வயதுக் குழந்தை விழுந்தது வீட்டை ஒட்டிய அப்படியொரு குழியில்தான்.

முதல் மூட்டை மணலை அந்தக் குழிக்குப் போடுங்கள். மீதியில் தொட்டி.