பஞ்சாங்கம் பார்த்துப் படம் எடுப்பவர்கள்

மும்பை செம்பூரின் சேடா நகர் முருகன் கோயிலில் சஷ்டியன்று கூட்டம் இருக்கும். அதே நாளில் கழிமுகத்துக்கு அந்தப் பக்கம், சிவ்ரி ஜெட்டியிலும் ஒரு சின்னக் கூட்டம் கூடும். பால்குடம், காவடி எதுவும் இருக்காது. தோளில் கேமரா பை, கையில் டிரைபாட், தலையில் தொப்பி. வங்கி ஊழியர், கல்லூரி மாணவி, ஓய்வுபெற்ற ரயில்வேக்காரர், தாராவியில் தையல் பட்டறை வைத்திருக்கும் அண்ணாச்சி என்று பல தரப்பினர். எல்லாருக்கும் ஒரே வேண்டுதல்: தண்ணீர் சரியான நேரத்துக்கு ஏற வேண்டும்.

முதல் தடவை நான் போனது காலை ஏழு மணிக்கு. பறவை பார்க்க விடியலில்தான் போக வேண்டும் என்று யாரோ சொன்னதை நம்பிவிட்டேன். போனால், கண்ணுக்கெட்டிய தூரம் வரை சேறு. அதற்கும் அப்பால் வெளிறிய ஒரு கோடு. அதுதான் பூநாரைகளாம். போதாக்குறைக்குச் சூரியன் நேரே முகத்தில். நூறு படம் எடுத்தேன், நூறும் கருப்பு நிழல்கள். பக்கத்தில் நின்ற அண்ணாச்சி கேட்டார்: "பர்தி பாத்துட்டு வந்தியளா?"

பர்தி என்றால் மராத்தியில் கடலேற்றம். மும்பைத் தமிழில் அது எப்போதோ கலந்துவிட்டது. "காலையில வந்தா சூரியனத்தான் எடுக்கணும் தம்பி. சாயங்காலப் பர்திக்கு வாங்க. தண்ணி ஏற ஏற அதுவளே உங்க காலடிக்கு வரும்" என்றார்.

கணக்கு இதுதான். சிவ்ரி, மும்பைத் தீவின் கிழக்குக் கரை. கடலைப் பார்த்து நின்றால் காலையில் வெளிச்சம் எதிரே, மாலையில் முதுகுப் பக்கம். பூநாரைகள் சேற்றில் மேய்பவை. நீர் வற்றியிருக்கும்போது தூரத்தில் பரந்து நிற்கும். ஏற்றம் தொடங்கினால் சேறு மூழ்க மூழ்கக் கரையை நோக்கி நகரும். ஆகவே மாலை ஏற்றத்துக்கு முந்தைய இரண்டு மூன்று மணி நேரம்தான் படம். அமாவாசை, பௌர்ணமிகளில் மும்பையில் ஏற்றம் உச்சிவேளையை ஒட்டி வரும். பிறகு நாளுக்கு முக்கால் மணி, ஐம்பது நிமிடம் என்று தள்ளிக்கொண்டே போய், சஷ்டி, சப்தமி வாக்கில் மாலை நான்கு, ஐந்து மணியைத் தொடும். கைப்பேசியில் ஏற்ற அட்டவணை காட்டும் செயலிகள் நிறைய வந்துவிட்டன. அண்ணாச்சி இன்னமும் நாள்காட்டியின் திதியைத்தான் பார்க்கிறார். இரண்டிலும் விடை ஒன்றாகவே வருகிறது.

இதில் வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு சங்கடம் உண்டு. ஒரு ஞாயிறு ஏற்றம் சரியாக அமைந்தால், அடுத்த ஞாயிறு அது ஆறு மணி நேரம் போலத் தள்ளிப்போய், அதே மாலையில் வற்றமாக நிற்கும். ஆக, ஒரு ஞாயிறு விட்டு ஒரு ஞாயிறு. அதிலும் கல்யாணம், காதுகுத்து, ஹார்பர் லைனில் ரயிலை நிறுத்தும் மெகா பிளாக், ஜனவரிப் புகைமூட்டம் எல்லாம் போக, ஒரு பருவத்துக்கு ஆறேழு மாலைகள் கிடைத்தால் பெரிய விஷயம். எங்கள் கூட்டத்தில் யாருக்கும் இந்தப் படங்களால் ஒரு ரூபாய் வரவில்லை. லென்ஸுக்குப் போன ரூபாய்களைப் பற்றி வீட்டில் பேசுவதும் இல்லை.

மும்பைக்குப் பூநாரைகள் பெருங்கூட்டமாக வரத் தொடங்கியது 1990களில்தான். பெரும்பாலானவை சிறு பூநாரைகள். குஜராத்தின் கட்ச் பக்கமிருந்து அக்டோபர், நவம்பரில் வந்து, மே, ஜூனில் திரும்புபவை. தானே கழிமுகத்தின் ஒரு பகுதி 2015இல் பூநாரை சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. 2022இல் ராம்சர் பட்டியலிலும் சேர்ந்தது. மும்பை வட்டாரத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் பூநாரைகள் இருப்பதாக 2019இல் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் மதிப்பிட்டது. வேடிக்கை என்னவென்றால், இந்த நகரம் கழிமுகத்தில் கொட்டும் கழிவின் சத்தில்தான் நீலப்பச்சைப் பாசி இப்படிச் செழிக்கிறது. அந்தப் பாசியில் உள்ள நிறமிதான் இறகில் ஏறுகிறது. வந்த புதிதில் வெளிறிக் கிடக்கும் பறவை, தின்று தின்று, மார்ச், ஏப்ரலில் நல்ல ரோஜா நிறம் பிடிக்கும். விவரம் தெரிந்தவர்கள் டிசம்பரில் கேமராவைப் பழக்குவார்கள். படத்தை மார்ச்சில் எடுப்பார்கள்.

இங்கே ஒரு சண்டையும் உண்டு. சிவ்ரியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் பின்னணியில் ஏதாவது ஒன்று வந்து நிற்கும். மாஹுல் பக்கம் சுத்திகரிப்பு ஆலைகளின் புகைபோக்கிகள், எண்ணெய்த் தொட்டிகள், துருப்பிடித்த படகுகள். 2024 ஜனவரி முதல், சிவ்ரியில் புறப்பட்டு 21.8 கிலோமீட்டர் ஓடும் அடல் சேது வேறு. கூட்டத்தில் பாதிப்பேர் இதையெல்லாம் கணினியில் வெட்டி, துடைத்து, பூநாரையை ஏதோ ஆப்பிரிக்க ஏரியில் நிற்பதுபோல ஆக்கிவிடுவார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. அந்தப் புகைபோக்கியின் கீழே குடியிருப்பவன் நான். செம்பூரை கேஸ் சேம்பர் என்று ஊரே கிண்டல் செய்கிறது. அந்தக் காற்றைச் சுவாசித்துக்கொண்டு நானும் இருக்கிறேன், பூநாரையும் இருக்கிறது. அதை ஏன் துடைக்க வேண்டும்?

இந்த வாதத்தில் எனக்குத் துணைக்கு ஒரு சிறுத்தை உண்டு. மும்பைக்காரரான நயன் கானோல்கர், சஞ்சய் காந்தி தேசியப் பூங்காவை ஒட்டிய ஆதிவாசிக் குடியிருப்பின் சந்தில், இரவில் ஒரு சிறுத்தை நடந்து வருவதைப் படம்பிடித்தார். தெருவிளக்கு, வீட்டுச் சுவர் எல்லாம் அதில் உண்டு. 2016இல் உலக அளவிலான காட்டுயிர் ஒளிப்படப் போட்டியில் நகர்ப்புறப் பிரிவில் அது பரிசு பெற்றது. சுவரை எடுத்துவிட்டால் அது வெறும் சிறுத்தை. உலகத்தில் எத்தனையோ சிறுத்தைப் படங்கள் இருக்கின்றன.

நம்மவர், காட்டுயிர் ஒளிப்படக்காரர் மா. கிருஷ்ணனையும் நினைத்துக்கொள்வேன். 1912இல் பிறந்து 1996இல் மறைந்த அந்த மனிதர், உதிரிப் பாகங்களைக் கோத்துத் தானே உருவாக்கிய கேமராவில், கடைசிவரை கருப்பு வெள்ளையிலேயே யானைகளை எடுத்தார். அவர் சிவ்ரிக்கு வந்திருந்தால் இந்த ரோஜா நிறத்தை என்ன செய்திருப்பார் என்பது எங்கள் கூட்டத்தில் அவ்வப்போது எழும் கேள்வி.

துடைப்பதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். பொறுக்க முடியாதது கல்லெறிவது. சிறகு விரிந்தால்தான் உள்பக்கத்துச் சிவப்பும் கருப்பும் தெரியும் என்பதற்காக, மேய்ந்துகொண்டிருக்கும் கூட்டத்தின் மேல் கல்லை வீசிப் பறக்கவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். ஒருமுறை அப்படிச் செய்த பையனிடம் அண்ணாச்சி ஒன்றும் பேசவில்லை. பையில் வைத்திருந்த டிபனைத் திறந்து, "சாப்பிடுறியா?" என்றார். அவன் வாயருகே இட்லியைக் கொண்டுபோகும்போது கையைத் தட்டிவிட்டார். அவ்வளவுதான். பையன் அடுத்த மாதமும் வந்தான், கல் இல்லாமல்.

பூநாரை தவிர்த்த படங்களும் இருக்கின்றன. பிப்ரவரி, மார்ச்சில் விக்ரோலி அருகே நெடுஞ்சாலையோரம் இளஞ்சிவப்பு டபேபூயா மரங்கள் பூக்கும். ஜப்பான் வந்துவிட்டதுபோல ஆளாளுக்கு நின்று செல்ஃபி எடுப்பார்கள். நடு அமெரிக்காவிலிருந்து வந்த மரம். அழகுதான், அதற்குமேல் சொல்ல ஒன்றுமில்லை. கோடையில் என் விருப்பம் மாட்டுங்கா. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் திட்டமிட்டுக் கட்டிய பகுதி என்பதால் ஃபைவ் கார்டன்ஸைச் சுற்றி மரங்கள் வரிசை பிடித்து நிற்கின்றன. ஏப்ரலில் இயல்வாகை பூத்துக் கொட்டும். விடிகாலை ஐந்தரைக்குப் போனால், நிறுத்திவைத்த கார்கள் எல்லாம் மஞ்சள் போர்த்தியிருக்கும். ஆறரைக்குள் துப்புரவுப் பணியாளரின் துடைப்பம் வந்துவிடும். அந்த ஒரு மணி நேரத்துக்குள் படம் எடுத்து, ஃபில்டர் காபி குடித்து, எட்டு மணி லோக்கலைப் பிடித்துவிடலாம். தலைக்கு மேலே எங்கோ குக்குறுவான் டொக் டொக் என்று பாத்திரம் தட்டிக்கொண்டே இருக்கும். ஆறு கோடையாகத் தேடுகிறேன். குரல் பழகிவிட்டது; முகம் இன்னும் படத்தில் விழவில்லை.

ஜூனில் மழை இறங்கியதும் எங்கள் பெரிய எதிரி பூஞ்சை. லென்ஸுக்குள் சிலந்தி வலைபோல வெள்ளையாகப் படரும். காற்றுப் புகாத டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு கேமராவை மூடிவைத்துவிட்டு, பலர் செப்டம்பர் வரை தூங்கிவிடுவார்கள். ஆனால் தாராவிக்கு எதிரே, மித்தி ஆற்றங்கரையில் உள்ள மாகிம் இயற்கைப் பூங்கா விழிப்பது அப்போதுதான். சுமார் 37 ஏக்கர். 1977 வரை ஊர்க் குப்பை கொட்டிய இடம். மரம் நட்டு வளர்த்து, 1994 ஏப்ரல் 22 அன்று மக்களுக்குத் திறந்தார்கள். குப்பையின் மேல் எழுந்த அந்தக் காட்டில், ஒரு மழைக்கும் அடுத்த மழைக்கும் நடுவே வெயில் எட்டிப் பார்க்கும் கால் மணி நேரத்தில், வண்ணத்துப்பூச்சிகள் ஈரத்தை உதறிக்கொண்டு இலைமேல் வந்து உட்காரும்.

போன ஆண்டு மழையில் அண்ணாச்சி அங்கேயும் வரவில்லை. முழங்கால் வலி. ஒருநாள் பட்டறைக்குப் போனேன். மெஷின்கள் ஓடிக்கொண்டிருந்தன. ஜன்னல் கம்பியில் கட்டிய பெயின்ட் டப்பாவில் ஒரு கறிவேப்பிலைச் செடி. "குனிஞ்சு பாருங்க" என்றார். இலைமேல் காக்கை எச்சம் போல ஏதோ ஒட்டியிருந்தது. தொடப் போனேன், அது நகர்ந்தது. கருப்பும் வெள்ளையுமாக ஒரு குட்டிப் புழு. பறவை கொத்தாமல் இருக்க எச்சம் போல வேஷம். வளர்ந்ததும் வேஷத்தைக் கலைத்துப் பச்சையாகிவிடும்; கடைசியில் ஆங்கிலத்தில் காமன் மார்மன் என்கிற கருப்பு வண்ணத்துப்பூச்சி.

கைப்பேசியில், மேலே மாட்டும் இருநூறு சொச்சம் ரூபாய் லென்ஸை வைத்து, முட்டையிலிருந்து ஒவ்வொரு நாளும் எடுத்திருந்தார். முட்டை, எச்சப் புழு, பச்சைப் புழு, நூல் கட்டிச் சாய்ந்து நிற்கும் கூடு. ஒவ்வொரு படத்திலும் பின்னால் மங்கலாக நீல நிறம். என்னவென்று கேட்டேன்.

"தச்சு வச்ச ஸ்கூல் யூனிஃபார்ம். நகட்டலாம்தான், நகட்டல" என்றார். உள்ளே இருந்து அண்ணாச்சி வீட்டு அக்காவின் குரல் வந்தது: "படம் எடுத்து முடிச்சாச்சுன்னா சொல்லுங்க. ரெண்டு வாரமா ரசத்துக்குக் கறிவேப்பிலையைக் கடையில வாங்கிட்டிருக்கேன்."