மரம் வைக்குமுன் காகித விலையைப் பாருங்கள்



நம்ம அருப்புக்கோட்டை, திருச்சுழி பக்கத்துப் புன்செயிலே மழை பொய்த்தால் பருத்தியும் போச்சு, உளுந்தும் போச்சு. "பேசாமல் தைலமரமோ சவுக்கோ வைத்துவிடலாமா?" என்று பலரும் கேட்கிறீர்கள். நல்ல யோசனைதான். ஆனால் அந்த மரத்துக்கு விலை எங்கே முடிவாகிறது என்பதை முதலில் தெரிந்துகொள்ள வேண்டும்.

இந்தக் கட்டைகளைப் பெருமளவில் வாங்குபவை காகித ஆலைகள். கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் உள்ள தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் கரும்புச் சக்கையோடு மரத்தையும் கூழாக்கிக் காகிதம் செய்கிறது. காகிதம் நல்ல விலைக்கு விற்றால்தான் உங்கள் கட்டைக்கும் விலை.

வெளிநாட்டுச் சரக்கு நம் துறைமுகத்தில் இறங்கும்போது அரசு போடுவது சுங்க வரி. அந்த வரியை நாடுகள் தங்களுக்குள் குறைத்துக்கொள்வதே தடையில்லா வணிக ஒப்பந்தம். இந்தோனேசியா, மலேசியா, தாய்லாந்து முதலிய ஆசியான் நாடுகளோடு இந்தியா 2009 ஆகஸ்டில் இப்படி ஓர் ஒப்பந்தம் செய்தது. 2010 ஜனவரியில் அது நடைமுறைக்கு வந்தது. காகித வரி படிப்படியாக இறங்கி, 2014 ஜனவரியிலிருந்து அறவே நீங்கியது. மற்ற நாட்டுக் காகிதத்துக்குப் பொதுவாக 10 சதவீத வரி உண்டு.

கணக்குப் பார்ப்போம். 100 ரூபாய்க் காகிதம் 10 சதவீத வரியோடு வந்தால் 110 ரூபாய் அடக்கம். வரியில்லாமல் வந்தால் 100 ரூபாய்தான். நம் ஆலையும் அந்த விலைக்கு இறங்கியாக வேண்டும். எங்கே சிக்கனம் பிடிக்கும்? கட்டை வாங்குகிற விலையிலேதான் முதலில் கை வைக்கும்.

இன்னொன்று கவனியுங்கள். இந்தோனேசியா 2001 முதல் தன் மரத்தை முழுக் கட்டையாக ஏற்றுமதி செய்யத் தடை போட்டிருக்கிறது. கூழாகவும் காகிதமாகவும் செய்து விற்கிறது. வேலையும் லாபமும் அங்கேயே தங்கிவிடுகிறது.

பிள்ளைகளின் நோட்டுப் புத்தகம் மலிவாகக் கிடைப்பது நன்மைதான். வேறு நாட்டுச் சரக்கு இதில் நுழையாமலிருக்க விதியும் உண்டு. பொருளின் மதிப்பில் 35 சதவீதமாவது ஆசியான் நாடுகளிலோ இந்தியாவிலோ சேர்ந்திருக்க வேண்டும். 2020 செப்டம்பர் முதல் இந்தச் சோதனை கடுமையாகியிருக்கிறது. ஆனாலும் போட்டி போட்டிதான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது என்ன?

ஒன்று, மண்ணைப் பாருங்கள். சவுக்குக்கு மணற்பாங்கான நிலம் வேண்டும். கனத்த கரிசல் ஒத்துவராது. கோவிலாங்குளம் ஆராய்ச்சி நிலையத்தில் கேட்டுக்கொள்ளலாம்.

இரண்டு, ஆலையோடு எழுத்துமூலம் ஒப்பந்தம் செய்யுங்கள். குறைந்தபட்ச விலை எவ்வளவு, வெட்டுக்கூலியும் லாரி வாடகையும் யார் பொறுப்பு என்பதைப் படித்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுங்கள்.

மூன்று, இருக்கிற நிலம் முழுவதையும் ஒரே மரத்துக்குக் கொடுக்காதீர்கள். வரப்போரம் வேம்பு, வாகை, புளி நில்லட்டும். இவற்றுக்கு ஆலையை மட்டும் நம்பி இருக்க வேண்டியதில்லை. உள்ளூரிலேயே வாங்க ஆள் உண்டு.

கன்று நட்டவன் பல வருஷம் காத்திருக்க வேண்டும். வரியோ ஒரே அறிவிப்பில் மாறிவிடும். யோசித்து நடுங்கள்.