பத்து முறை படித்த சொல் ஏன் மறக்கிறது?

எம்.எஸ். படிக்க அமெரிக்கா கிளம்பும் மாணவர்களிடம் கைமாறிக் கைமாறி வரும் ஜிஆர்இ தேர்வுக்கான சொற்பட்டியல் ஒன்றைப் புரட்டிப் பாருங்கள். 'ஏ' எழுத்துப் பக்கங்கள் அடிக்கோடுகளால் நிறைந்து, ஓரம் மடங்கிக் கறுத்திருக்கும். 'எம்' தாண்டிவிட்டால் புதுக்கருக்குக் கலையாத தாள்கள். படித்த பக்கங்களாவது கைகொடுக்குமா என்றால் அதுவும் நிச்சயமில்லை. தேர்வறைத் திரையில் அந்தச் சொல் வரும்போது, எங்கேயோ பார்த்த முகம்போல் இருக்கிறது. பெயர்தான் வரமாட்டேன் என்கிறது.

உழைப்பில் குறையில்லை. கோளாறு, படிக்கும் முறையில் இருக்கிறது. ஜெஃப்ரி கார்பிக், ஹென்றி ரோடிகர் என்ற அமெரிக்க உளவியலாளர்கள் 2008இல் வெளியிட்ட ஆய்வு இதைப் பளிச்சென்று காட்டியது. கல்லூரி மாணவர்களுக்கு 40 சுவாஹிலிச் சொற்களை ஆங்கிலப் பொருளோடு கற்பித்தார்கள். ஒரு சொல்லுக்கு ஒருமுறை சரியாகப் பொருள் சொல்லிவிட்ட பிறகு என்ன செய்வது என்பதில்தான் குழுவுக்குக் குழு வேறுபாடு. ஒரு குழு அந்தச் சொல்லை மேலும் மேலும் படித்தது; அதில் தேர்வு கிடையாது. இன்னொரு குழு அதை மறுபடி படிக்கவே இல்லை. சுற்றுக்குச் சுற்று தேர்வு மட்டும்.

ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, தேர்வு எழுதிக்கொண்டே இருந்தவர்களுக்குச் சுமார் 80 சதவீதச் சொற்கள் நினைவிருந்தன. படித்துக்கொண்டே இருந்தவர்களுக்கு 36 சதவீதம்தான். இதைவிட வியப்பு ஒன்று உண்டு. எத்தனை சொல் நினைவில் நிற்கும் என்று முதல் நாளே கேட்டதற்கு, எல்லாக் குழுவினரும் ஏறத்தாழ பாதி என்றே சொல்லியிருந்தார்கள். தங்கள் முறை பலிக்கிறதா இல்லையா என்பது படிப்பவர்களுக்கே தெரியவில்லை.

பட்டியல் திறந்திருக்கும்போது பொருள் கண்ணெதிரே நிற்கிறது. சரளமாகப் படிக்க முடிவதை, தெரிந்துவிட்டதாக மூளை எடுத்துக்கொள்கிறது. பொருளை மூடிவைத்துவிட்டு, "இது என்ன?" என்று திணறும் அந்தச் சில விநாடிகளில்தான் நினைவு வலுப்படுகிறது.

எப்போது திணற வேண்டும் என்பது அடுத்த கேள்வி. ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மன் எபிங்ஹாஸ் பொருளற்ற அசைகளைத் தாமே மனப்பாடம் செய்து, மறதியை அளந்து 1885இல் நூலாக வெளியிட்டார். மறதி முதல் சில மணி நேரத்தில் செங்குத்தாக இறங்கி, பிறகு மெதுவாகிறது என்று கண்டார். ஒரே மூச்சில் படிப்பதைவிட, நாள்களில் பரப்பிப் படித்தால் குறைந்த முயற்சியே போதும் என்பதும் அவர் கண்டதுதான்.

இந்த இடைவெளியின் பலனை ஒரு குடும்பமே சோதித்துப் பார்த்தது. உளவியலாளர் ஹாரி பாரிக், அவருடைய மனைவி, இரண்டு மகள்கள் என நால்வரும் ஆளுக்கு 300 அயல்மொழிச் சொற்களைக் கற்று, ஐந்து ஆண்டுகள் வரை நினைவைச் சோதித்தார்கள். 56 நாள்களுக்கு ஒருமுறை என 13 தடவை படித்த சொற்கள், 14 நாள்களுக்கு ஒருமுறை என 26 தடவை படித்தவற்றுக்கு இணையாக நினைவில் நின்றன. பாதி உழைப்பு, அதே பலன். முடிவுகள் 1993இல் வெளியாயின.

இதை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர்களில் ஒருவர் செபாஸ்டியன் லைட்னர். 1970களில் அவர் சொன்ன வழி எளிது. சொல் அட்டைகளைச் சில பெட்டிகளில் பிரித்துவையுங்கள். சரியாகச் சொன்ன அட்டை அடுத்த பெட்டிக்குப் போகும். அங்கே அதற்கான முறை தள்ளி வரும். தவறினால் மறுபடி முதல் பெட்டிக்கே. இன்று மாணவர்களின் கைபேசியில் இருக்கும் 'ஆங்கி' போன்ற செயலிகள் இதுபோன்ற கணக்கைத் தாமாகப் போட்டுத் தருகின்றன.

அகர வரிசையில் படிப்பதில் இன்னொரு சங்கடம் உண்டு. ஒன்றுபோல் ஒலிக்கும் சொற்கள் அடுத்தடுத்து வந்து ஒன்றையொன்று குழப்பும். 'வீனல்' என்றால் பணத்துக்கு விலைபோகிற. 'வீனியல்' என்றால் மன்னிக்கத்தக்க. இரண்டையும் ஒரே நாளில் படித்தால் இரண்டுமே ஆட்டம் காணும். பொருளால் ஒரே வகையைச் சேர்ந்த புதுச் சொற்களைக் கொத்தாகக் கற்பதும் கடினம் என்று 1990களில் நடந்த சோதனைகள் காட்டின. தனித்தனியாக வேரூன்றிய பிறகு பக்கத்தில் வைத்து ஒப்பிடலாம்.

அப்படியும் ஒட்டாத சொல்லுக்கு ஒலியைப் பிடித்துக்கொள்ளலாம். சோர்வைக் குறிக்கும் 'லாசிட்யூட்' நினைவில் நிற்கவில்லையா? பெரிய டம்ளர் லஸ்ஸி குடித்துவிட்டு எழுந்திருக்க முடியாமல் சாய்ந்திருப்பவரை மனத்தில் வரைந்துகொள்ளுங்கள். ஸ்டான்ஃபோர்டில் ரிச்சர்ட் அட்கின்சனும் மைக்கேல் ராவும் 120 ரஷ்யச் சொற்களை வைத்து இம்முறையைச் சோதித்தார்கள். இப்படிக் கற்றவர்கள் 72 சதவீதம் சொன்னார்கள்; மற்றவர்கள் 46 சதவீதம்.

கடைசியாக, தேர்வின் போக்கையும் பார்க்க வேண்டும். எதிர்ச்சொல் கேட்கும் கேள்விகளை 2011 ஆகஸ்டில் ஜிஆர்இ கைவிட்டது. வாக்கியத்தில் விடுபட்ட இடத்தை நிரப்புவதில்தான் இப்போது சொல்லறிவு சோதிக்கப்படுகிறது. 2023 செப்டம்பருக்குப் பிறகு மொழிப் பகுதிக்கு 41 நிமிடம், 27 கேள்விகள். ஆகவே அட்டையின் முன்பக்கத்தில் சொல்லை எழுத வேண்டாம். அந்தச் சொல் விடுபட்ட வாக்கியத்தை எழுதுங்கள். தேர்வுக்கு 90 நாள் இருந்தால், நாளுக்கு 15 புதுச் சொற்கள் வீதம் 70 நாளில் ஆயிரத்தைத் தாண்டிவிடலாம். மீதி 20 நாளில் புதுச் சொல் ஒன்றுகூடச் சேர்க்க வேண்டாம். பழைய அட்டைகளைக் குலுக்கிப்போட்டு, தடுமாறியவற்றை மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டுக்கொள்ளுங்கள்.