கீமோ கேட்காத கட்டிக்கு இன்னொரு மருந்து

தோவாளையில் ஒரு வீட்டில் மார்பகப் புற்றுநோய் என்றால் நாகர்கோவில், நெய்யூர், திருவனந்தபுரம் மண்டலப் புற்றுநோய் மையம் என்று அலைச்சல் தொடங்குகிறது. கீமோவில் சுருங்கிய கட்டி மறுபடி வளர்ந்ததும், இனி மருந்து கேட்காது என்ற பேச்சு வருகிறது. அந்தப் பேச்சை அப்படியே நம்பிக் கைவிடுவது இன்று தவறு. மருந்து தோற்பதற்குப் பல காரணங்கள் உண்டு. உள்ளே வந்த மருந்தைச் செல்லே வெளியே தள்ளிவிடுவது அவற்றில் ஒன்று. மருந்தின் அளவைக் கூட்டலாம் என்றால் நோயாளியின் உடம்பு தாங்காது.

இங்கேதான் ஆன்டிபாடியோடு நச்சு மருந்தைப் பிணைக்கும் முறை உதவுகிறது. டிராஸ்டுசுமாப் என்ற ஆன்டிபாடி, செல்லின் மேலுள்ள ஹெர்2 புரதத்தைப் பற்றிக்கொள்கிறது. செல் அதை விழுங்கியதும் பிணைப்பு அறுந்து நச்சு உள்ளேயே வெளிப்படுகிறது. இப்படிப் பிணைத்த மருந்துகளில் ஒன்றான டிராஸ்டுசுமாப் டெருக்ஸ்டிகானின் நச்சு, பக்கத்துச் செல்களுக்கும் ஊடுருவக்கூடியது. 2022இல் வெளியான ஆய்வில், ஏற்கெனவே கீமோ எடுத்தும் நோய் முற்றிய, ஹெர்2 குறைவாக உள்ள நோயாளிகள் வழக்கமான கீமோவில் இடைநிலைக் கணக்கில் (மீடியன்) 16.8 மாதங்கள் வாழ்ந்தார்கள். இந்த மருந்தில் 23.4 மாதங்கள். அதுவரை இவர்களை ‘ஹெர்2 நெகட்டிவ்’ என்றே ஒதுக்கியிருந்தார்கள். ஆகவே பழைய பயாப்ஸி அறிக்கையில் ஹெர்2 அளவு 1+, 2+ என்று இருக்கிறதா என்று மருத்துவரிடம் மறுபடி கேட்பது அவசியம்.

இதற்கும் புற்றுநோய் பழகிவிடாதா? சிலருக்குப் பழகிவிடுகிறது, ஆனாலும் கிடைக்கும் மாதங்கள் பொய்யல்ல. விலைதான் பெரிய தடை. டெருக்ஸ்டிகானுக்கு 2024 ஜூலை பட்ஜெட்டில் சுங்கவரி நீங்கியது. அதே வகையில் அதற்கு முந்தைய மருந்தான டிராஸ்டுசுமாப் எம்டான்சினுக்கு 2021இல் சைடஸ் நிறுவனம் இந்தியாவிலேயே மாற்று தயாரித்தது. இவை நல்ல தொடக்கம், அவ்வளவே. தமிழ்நாடு முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் ஒரு குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் ரூபாய் வரம்பு. மாதக்கணக்கில் நீளும் இந்தச் சிகிச்சையைக் கணக்கில் வைத்து அதைத் திருத்தியாக வேண்டும்.

நஞ்சை உடம்பில் ஏற்றலாமா என்ற அச்சமும் நியாயமானதே. அந்த 2022 ஆய்வில் டெருக்ஸ்டிகான் எடுத்தவர்களில் சுமார் 12 விழுக்காட்டினருக்கு நுரையீரல் அழற்சி வந்தது, அதில் மூவர் இறந்தார்கள். தொடக்கத்திலேயே கண்டு மருந்தை நிறுத்தினால் பெரும்பாலும் சமாளிக்கலாம். மூன்று வாரத்துக்கு ஒருமுறை திருவனந்தபுரம் போய்வரும் தோவாளைக்காரருக்கு, நடுவில் வறட்டு இருமலோ மூச்சிரைப்போ வந்தால் அன்றே நாகர்கோவிலில் சி.டி. ஸ்கேன் எடுத்து, சிகிச்சை தரும் மருத்துவருக்கு அனுப்பும் ஏற்பாடு, முதல் ஊசிக்கு முன்பே இருக்க வேண்டும்.