உப்பு எங்கே போயிற்று?

(படைப்பின் காலத்தை முன்னிட்டு வானொலியில் ஒலிபரப்பான மறையுரைச் சிந்தனை)



செப்டம்பர் முதல் தேதி தொடங்கி, அசிசி நகர் புனித பிரான்சிசின் திருவிழாவாகிய அக்டோபர் 4 வரை படைப்பின் காலத்தைச் சிறப்பிக்கிறோம். இந்நாள்களில் பங்குகளில் மரம் நடுகிறார்கள். நெகிழிப் பைகளைத் தவிர்ப்போம் என்று உறுதி எடுக்கிறார்கள். நல்ல காரியங்கள்தான். இன்று நாம் ஓர் எளிய கேள்வியை எடுத்துக்கொள்வோம். நாம் சாக்கடையில் ஊற்றிவிடுகிற தண்ணீரும் அதில் கரைந்திருக்கும் அழுக்கும் எங்கே போகின்றன?

இதற்கு விடை தெரிய வேண்டுமானால், இறைவன் படைத்த இந்த உலகில் ஆற்றல், தண்ணீர், அழுக்கு ஆகிய மூன்றும் எப்படிப் பயணம் செய்கின்றன என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும். மூன்றுக்கும் வெவ்வேறு பாதைகள்.

முதலாவது, ஆற்றல். அது கதிரவனிடமிருந்து வருகிறது. அதில் மிகச் சிறு பங்கைச் செடிகள் பிடித்து உணவாக்குகின்றன. செடியை ஆடு தின்கிறது. ஆட்டிறைச்சியை நாம் உண்கிறோம். ஒவ்வொரு படியிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் அடுத்த உடலில் சேர்கிறது. மீதியெல்லாம் நடக்கவும் மூச்சுவிடவும் செலவாகி, வெப்பமாக வெளியேறிவிடுகிறது. ஒரு முறை எரிந்த விறகை மறுபடி எரிக்க முடியாது. ஆற்றலுக்கு இருப்பது ஒருவழிப் பாதை. அதனால்தான் ஒவ்வொரு நாளும் கதிரவன் நமக்குப் புதிதாகத் தேவைப்படுகிறது.

இரண்டாவது, தண்ணீர். இது சுற்றிச் சுற்றி வருகிறது. இத்தனை ஆறுகள் வந்து விழுந்தும் கடல் ஏன் நிரம்பி வழியவில்லை என்று சபை உரையாளர் நூலின் ஆசிரியர் முதல் அதிகாரத்திலேயே வியந்து நிற்கிறார். கதிரவன் கடல்நீரை ஆவியாக்கி மேலே தூக்குகிறது. அந்த ஆவி ஒன்பது, பத்து நாள் அளவுக்குக் காற்றில் உலவி, மீண்டும் மழையாகிறது. இது லேசான வேலை அல்ல. ஒரு லிட்டர் தண்ணீரைக் கொதிநிலைக்குக் கொண்டுவர ஆகும் வெப்பத்தைப்போல் ஏழு மடங்குக்கு மேல், அதை முழுவதும் ஆவியாக்கத் தேவை. இந்தச் செலவுக்கு யாரும் நமக்குச் சீட்டு அனுப்புவதில்லை. இறைவனின் கொடை இலவசம்.

மூன்றாவது, அழுக்கு. தூத்துக்குடி, வேதாரண்யம் பக்கம் போனவர்கள் உப்பளங்களைப் பார்த்திருப்பீர்கள். பாத்தியில் கடல்நீரைத் தேக்குகிறார்கள். வெயில் தண்ணீரை மட்டும் எடுத்துக்கொண்டு போகிறது. உப்பு அங்கேயே தங்கிவிடுகிறது. ஒரு லிட்டர் கடல்நீரில் சுமார் 35 கிராம் உப்பு இருந்தும், அதிலிருந்து எழும் மழை கரிக்காததற்குக் காரணம் இதுதான். தண்ணீர் திரும்பி வரும். அதில் கரைந்தது விட்ட இடத்தில் சேர்ந்துகொண்டே இருக்கும்.

இது நம் மண்ணில் நடந்ததை நொய்யல் ஆறு காட்டுகிறது. வெள்ளியங்கிரி மலையில் பிறந்து, கோவை, திருப்பூர் வழியாக ஓடி, கரூர் மாவட்டத்தில் காவிரியோடு சேரும் ஆறு அது. திருப்பூர் பனியன் உலகமெங்கும் போகிறது. பல்லாயிரம் குடும்பங்களுக்குச் சோறு போடுகிறது. பருத்தித் துணியில் சாயம் ஏற உப்பு வேண்டும். தண்ணீரில் நனைந்த பருத்தியும் சாயமும் ஒன்றையொன்று விலக்கித் தள்ளும். உப்பைச் சேர்த்தால் அந்த விலக்கம் குறைந்து சாயம் நூலில் ஏறும். அடர்ந்த நிறமென்றால், ஒரு லிட்டர் சாயநீருக்கு 50 கிராமுக்கு மேலும் உப்பு போடுவார்கள். அந்த உப்பு துணியில் நிற்பதில்லை. வேலை முடிந்ததும் கழிவுநீரோடு முழுவதும் வெளியேறிவிடும்.

ஆற்றில் சிவப்பும் நீலமுமாகத் தண்ணீர் ஓடியதைக் கண்டு எல்லாரும் கலங்கினார்கள். பொதுச் சுத்திகரிப்பு நிலையங்கள் வந்தன. அவை நிறத்தையும் சேற்றையும் நீக்கின. தண்ணீர் தெளிந்தது, உப்பு அப்படியே இருந்தது. வெளியேற்றும் நீரில் லிட்டருக்கு 2,100 மில்லிகிராமுக்கு மேல் கரைந்த உப்புகள் இருக்கக்கூடாது என்பது விதி. கண்ணுக்குத் தெளிவாக இருந்த நீர் அந்த அளவைத் தாண்டியே ஓடியது.

திருப்பூருக்குக் கீழே ஒரத்துப்பாளையத்தில் 1992-இல் பாசனத்துக்காக ஓர் அணை கட்டி முடிக்கப்பட்டிருந்தது. மழைநீரைத் தேக்க வேண்டிய அணையில் சாயக்கழிவு நீர் தேங்கியது. உப்பளத்தில் நடப்பதே அங்கும் நடந்தது. வெயில் தண்ணீரைக் கொண்டுபோனது, உப்பு தங்கியது. நிலத்தடியில் கசிந்து, சுற்றுவட்டாரக் கிணறுகளைக் கரிப்பாக்கியது. தண்ணீர் கேட்டுப் போராட வேண்டிய விவசாயிகள், இந்தத் தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மன்றாடும் நிலை வந்தது. ஆயக்கட்டு விவசாயிகள் நீதிமன்றம் போனார்கள். 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றத்தின் உத்தரவால் 700-க்கும் மேற்பட்ட சாய, சலவைப் பட்டறைகள் மூடப்பட்டன. ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் வேலை இழந்தார்கள். நிலத்தை இழந்தவரும் ஏழை, வேலையை இழந்தவரும் ஏழை என்பதை நாம் மறந்துவிடக் கூடாது.

அதன்பின், கழிவுநீரை வெளியே விடாமல், தண்ணீரையும் உப்பையும் பிரித்தெடுத்து மறுபடி பயன்படுத்தும் முறையோடு பட்டறைகள் திறக்கப்பட்டன. இங்கேதான் ஆற்றல் மீண்டும் வருகிறது. ஒரு பானைத் தண்ணீரில் ஒரு கரண்டி உப்பைப் போட்டுக் கலக்குங்கள்; ஒரு நிமிடம் போதும். அதே உப்பைத் திரும்ப எடுக்க வேண்டுமென்றால், பானைத் தண்ணீர் முழுவதும் வற்றும்வரை விறகு எரிக்க வேண்டும். கடலில் கதிரவன் இலவசமாகச் செய்கிற வேலையை, ஆலைக்குள் நாம் மின்சாரத்தாலும் எரிபொருளாலும் செய்ய வேண்டியிருக்கிறது. அப்படியும், மறுபடி பயன்படாத கலப்பு உப்பு மிஞ்சிக் கொட்டகைகளில் குவிகிறது. கலப்பது மலிவு, பிரிப்பது செலவு. அந்தச் செலவைக் கலப்பவர் ஏற்காவிட்டால், கீழே இருப்பவர் தம் கிணற்றாலும் வயலாலும் கட்டித் தீர்க்க வேண்டும்.

“கடல் பெரிதுதானே, அதில் விட்டால் கரைந்துவிடாதா?” என்று சிலர் கேட்கலாம். ஜப்பானில் மினமாட்டா விரிகுடாவில் ஓர் ஆலை பாதரசக் கழிவை விட்டது. கடல்நீரில் அது மிகச் சிறிதளவே. ஆனால் நுண்ணுயிரிலிருந்து சிறு மீனுக்கும், சிறு மீனிலிருந்து பெரிய மீனுக்கும் போகும்போது அது உடலில் சேர்ந்துகொண்டே போயிற்று. உணவின் ஆற்றல் படிக்குப் படி குறைகிறது. அந்த நஞ்சோ படிக்குப் படி கூடுகிறது. 1956-இல் அந்த நோய் அதிகாரபூர்வமாக அறியப்பட்டபோது, மீனை நம்பி வாழ்ந்த குடும்பங்களும், தாயின் கருவிலிருந்த குழந்தைகளும் அதற்குப் பலியாகியிருந்தார்கள்.

அன்புக்குரியவர்களே, எனக்கு அயலார் யார் என்று திருச்சட்ட அறிஞர் இயேசுவிடம் கேட்டார். இயேசு ஒரு சாலையைக் காட்டி, அடிபட்டுக் கிடந்தவரின் கதையைச் சொன்னார். ஆற்றங்கரையில் நின்று அதே கேள்வியைக் கேட்டால், நீரோட்டத்தில் நமக்குக் கீழே வாழ்பவரே நம் அயலார் என்பது விளங்கும். அவரை நாம் பார்த்ததே இல்லை. ஆனால் நாம் ஊற்றியது அவர் வீட்டுக் குடத்துக்குப் போகிறது. பாதுகாப்பான குடிநீர் அடிப்படை மனித உரிமை என்று திருத்தந்தை பிரான்சிஸ் ‘இறைவா உமக்கே புகழ்’ என்ற 2015-ஆம் ஆண்டுத் திருமடலில் கற்பித்ததும் இந்த அயலாரை மனத்தில் வைத்துத்தான்.

நாம் என்ன செய்யலாம்? நம் வீட்டிலிருந்தே தொடங்கலாம். ஆர்.ஓ. இயந்திரம் உப்பை அழிப்பதில்லை. ஒரு பங்கு நீரிலிருந்து எடுத்து மறுபங்கில் சேர்க்கிறது. பல இயந்திரங்களில் குடிக்கக் கிடைப்பதைவிடக் கழிவாக வெளியேறும் நீரே அதிகம். அதைக் கிணற்றடியில் விடாமல், தரை துடைக்கவும் கழிப்பறைக்கும் பயன்படுத்துங்கள். மிஞ்சிய பெயின்ட்டையும் பூச்சிமருந்தையும் வாய்க்காலில் ஊற்றாதீர்கள். திருவிழாவுக்குத் துணி எடுக்கும்போது, மிக மலிவாகக் கிடைத்தால், மீதி விலையை யார் கொடுக்கிறார் என்று ஒரு கணம் எண்ணிப் பாருங்கள். உங்கள் ஊர் ஆற்றிலோ குளத்திலோ கழிவு கலந்தால், கிராம சபையில் எழுந்து பேசுங்கள். அதுவும் பிறரன்புப் பணியே.

தண்ணீரைச் சகோதரி என்று அழைத்த புனித பிரான்சிஸ் நமக்காக மன்றாடுவாராக. நமக்குக் கீழே வாழும் அயலாருக்கு, நாம் பெற்றதைப் போலவே தூய நீரை விட்டுச்செல்லும் மனத்தை இறைவன் நமக்குத் தருவாராக. ஆமென்.