சிறுவணிகத்தில் மின்னணு வழியில் பணம் பெறுதல்

சிறுவணிகத்தில் மின்னணு வழியில் பணம் பெறுதல் என்பது, கடைக்காரர் தாம் விற்ற பொருளுக்கான தொகையைச் செல்பேசி, அட்டை, இணையம் ஆகியவற்றின் வழியாகத் தம் வங்கிக் கணக்கில் பெற்றுக்கொள்வதாகும். யுபிஐ, பற்று அட்டை, கடன் அட்டை, வங்கிப் பரிமாற்றம், இணையக் கட்டண வாயில் ஆகியவை இந்தியாவில் வழக்கிலுள்ள முக்கிய வழிகள். ஒரு கடைக்கு எது ஏற்றது என்பதை நான்கு கேள்விகளால் அறியலாம். கட்டணம் எவ்வளவு? பணம் எப்போது கைக்கு வரும்? வாங்குபவரிடம் அந்த வசதி உண்டா? பணம் இடையில் சிக்கினால் என்ன வழி? பலர் முதல் கேள்வியை மட்டும் கேட்டு முடிவெடுக்கின்றனர். சிறிய கடையைத் திணறச் செய்பவை பெரும்பாலும் இரண்டாவதும் நான்காவதும் ஆகும்.

விருதுநகர் மாவட்டம் திருச்சுழி வட்டத்திலுள்ள பரளச்சி போன்ற மானாவாரி ஊர்களை எடுத்துக்காட்டாகக் கொண்டு இக்கட்டுரை இவற்றை விளக்குகிறது. இத்தகைய ஊர்களில் மழையை நம்பியே வெள்ளாமை. அறுவடைக் காலத்தில் பணம் புழங்கும். மற்ற மாதங்களில் கடை வியாபாரம் கடன் நோட்டில் ஓடும். கடைக்காரரின் கைமுதலும் சிறியது.

பின்னணி

இந்தியாவில் சில்லறைப் பணப் பரிமாற்ற அமைப்புகளை நடத்த 2008இல் இந்திய தேசியக் கொடுப்பனவுக் கழகம் நிறுவப்பட்டது. இக்கழகம் 2016 ஏப்ரல் 11 அன்று யுபிஐ முறையை அறிமுகப்படுத்தியது. அதே ஆண்டு நவம்பர் 8 அன்று 500, 1000 ரூபாய்த் தாள்கள் செல்லாதவையாக அறிவிக்கப்பட்டன. டிசம்பர் 30 அன்று பீம் செயலி வெளியானது. 2020 சனவரி 1 முதல் யுபிஐ, ரூபே பற்று அட்டை ஆகியவற்றின் வழியே பெறும் தொகைக்கு வணிகரிடம் கட்டணம் வாங்கக்கூடாது என்று நடுவணரசு விதித்தது. டீக்கடை வரை க்யூஆர் அட்டை வந்ததற்கு இவ்விதி ஒரு முக்கியக் காரணம்.

கென்யாவில் 2007இல் தொடங்கிய எம்-பெசா இதிலிருந்து வேறுபட்டது. அங்கே பணம் செல்பேசி நிறுவனம் நடத்தும் கணக்கில் இருக்கும். அனுப்பக் கட்டணம் உண்டு. யுபிஐயில் பணம் ஒரு வங்கிக் கணக்கிலிருந்து மற்றொரு வங்கிக் கணக்கிற்குச் செல்கிறது. கூகுள் பே, போன்பே போன்ற செயலிகள் அதற்கான வாசல்கள் மட்டுமே.

கட்டணமும் இலாபமும்

கட்டணத்தை விற்பனைத் தொகையோடு ஒப்பிட்டால் சிறிதாகத் தோன்றும். இலாபத்தோடுதான் ஒப்பிட வேண்டும். மாதம் ரூ.1,00,000 விற்கும் ஒரு பலசரக்குக் கடைக்கு 8 விழுக்காடு மிஞ்சுகிறது எனக் கொண்டால், இலாபம் ரூ.8,000. எல்லா விற்பனைக்கும் 2 விழுக்காடு கட்டணம் கட்டினால் ரூ.2,000 போய்விடும். அது இலாபத்தில் கால் பங்கு.

- யுபிஐ: வாங்குபவர் தம் வங்கிக் கணக்கிலிருந்து செலுத்தினால் வணிகருக்குக் கட்டணம் இல்லை. ரூபே கடன் அட்டையை யுபிஐயில் இணைத்துச் செலுத்தினால், சிறுவணிகருக்கு ரூ.2,000 வரை கட்டணமில்லை; அதற்கு மேல் உண்டு.
- பற்று அட்டை: ரூபே அட்டைக்குக் கட்டணமில்லை. பிற அட்டைகளுக்கு, ஆண்டு விற்றுமுதல் ரூ.20 லட்சத்துக்கு உட்பட்ட வணிகரிடம் 0.40 விழுக்காட்டிற்கு மேல் வாங்கக்கூடாது என்பது 2018 சனவரி 1 முதல் ரிசர்வ் வங்கியின் விதி.
- கடன் அட்டை, இணையக் கட்டண வாயில்: பொதுவாக 2 விழுக்காடு அளவில் கட்டணம், அக்கட்டணத்தின்மீது 18 விழுக்காடு சரக்கு சேவை வரி.
- கருவிகள்: பணம் வந்ததைக் குரலில் சொல்லும் ஒலிப்பெட்டிக்கும் அட்டை தேய்க்கும் இயந்திரத்திற்கும் பெரும்பாலும் மாத வாடகை உண்டு. மாதம் ரூ.100 என்றாலும் ஆண்டுக்கு ரூ.1,200 ஆகும். விற்பனை குறைந்த மாதத்திலும் அது பிடிக்கப்படும்.

பணம் கைக்கு வரும் நேரம்

வங்கி நேரடியாகத் தரும் க்யூஆர் அட்டையில் தொகை பொதுவாக உடனே கணக்கில் சேரும். இடைநிலை நிறுவனங்கள் தரும் சில வணிகர் அட்டைகளில், அன்றைய வசூல் முழுவதும் சேர்த்து இரவிலோ மறுநாளோ கணக்கில் வரவு வைக்கப்படும். மறுநாள் விடியலில் பாலுக்கும் காய்கறிக்கும் பணம் கொடுத்தாக வேண்டியவருக்கு இவ்வேறுபாடு மிகப் பெரியது. அட்டையை வாங்குமுன், தொகை எந்த நேரத்தில், எந்த வங்கிக் கணக்கிற்கு வரும் என்று கேட்டறிய வேண்டும்.

க்யூஆர் அட்டையோடு இணைக்கும் கணக்கையும் கவனித்துத் தேர்ந்தெடுக்க வேண்டும். 2024 சனவரி 31 அன்று பேடிஎம் பேமெண்ட்ஸ் வங்கிமீது ரிசர்வ் வங்கி கட்டுப்பாடுகளை விதித்தது. அவ்வங்கிக் கணக்கில் வசூலை வாங்கிவந்த வணிகர்கள் வேறு வங்கிக் கணக்கிற்கு மாற வேண்டியதாயிற்று. நேரில் சென்று கேட்கக்கூடிய தொலைவில் கிளை உள்ள வங்கியில் கணக்கு வைப்பது கிராமத்து வணிகருக்கு நல்லது.

எந்தக் கடைக்கு எது

டீக்கடை, பலசரக்கு, காய்கறி: சிறு தொகை, அதிக எண்ணிக்கை. வங்கியின் க்யூஆர் அட்டை ஒன்றே போதும். கல்லாவில் ஒருவரே இருந்து, கூட்டமும் மிகுதி என்றால் ஒலிப்பெட்டியின் வாடகை வீண் போகாது.

உரக்கடை, விதைக்கடை: தொகை பெரிது. யுபிஐயில் ஒருவர் ஒரு நாளில் அனுப்பக்கூடிய தொகைக்குப் பொதுவாக ரூ.1 லட்சம் வரம்பு உண்டு. பல வங்கிகள் அதற்கும் குறைவாக வைத்துள்ளன. எனவே வங்கிப் பரிமாற்ற விவரங்களையும் கடையில் எழுதி வைக்க வேண்டும். நெஃப்ட் முறை 2019 டிசம்பர் 16 முதல் எல்லா நாள்களிலும் 24 மணி நேரமும் இயங்குகிறது.

மிளகாய், மல்லி, கரி ஆகியவற்றை வெளியூர் வியாபாரிக்கு அனுப்புவோர்: சரக்கு வண்டியில் ஏறுமுன் பணம் கணக்கில் சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும். வங்கிப் பரிமாற்றமே ஏற்றது.

வாட்ஸ்அப் வழியே தின்பண்டமோ சேலையோ விற்போர்: தொடக்கத்தில் யுபிஐ எண்ணே போதும். நாள்தோறும் பல ஆர்டர்கள் வந்து, யார் பணம் எது என்று குழம்பத் தொடங்கும்போது கட்டண வாயில் பயன்படும். அதன் கட்டணத்தை விலையில் சேர்த்துக் கணக்கிட வேண்டும்.

திறன்பேசி இல்லாத வாடிக்கையாளருக்கு 2022 மார்ச் 8 அன்று யுபிஐ 123பே அறிமுகமானது. ஆயினும் முதியோரும் கூலித் தொழிலாளரும் பெரும்பாலும் ரொக்கமே தருகின்றனர். அலைபேசிச் சமிக்ஞை கிடைக்காத நேரமும் உண்டு. ஆகவே கல்லாவில் சில்லறை எப்போதும் இருக்க வேண்டும்.

பணம் இடையில் சிக்கினால்

வாங்குபவர் கணக்கில் பணம் கழிந்து, கடைக்கு வந்து சேராமல் போவதுண்டு. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி வெளியிட்ட விதிப்படி, வணிகருக்கான யுபிஐ பரிமாற்றம் இவ்வாறு தவறினால் 5 நாள்களுக்குள் தொகை வாங்குபவர் கணக்கிற்குத் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. இது தெரிந்திருந்தால் கடைவாசலில் வாக்குவாதம் எழாது. பரிமாற்ற எண்ணைக் குறித்துக்கொண்டு, தொகை திரும்பியதும் தரச் சொல்லலாம்.

மோசடிகளில் மூன்று அடிக்கடி நிகழ்பவை.

1. போலியான திரைப்படத்தைக் காட்டிப் பணம் அனுப்பிவிட்டதாகச் சொல்லுதல். வாங்குபவரின் திரையை நம்பக்கூடாது. தம் கணக்கில் வந்த வரவையே பார்க்க வேண்டும்.
2. கடையின் க்யூஆர் அட்டைமேல் வேறொருவரின் அட்டையை ஒட்டிவிடுதல். காலையில் கடை திறந்ததும் ஒரு ரூபாய் அனுப்பிப் பார்த்தால் தெரிந்துவிடும்.
3. பணம் தருவதாகச் சொல்லி யுபிஐ ரகசிய எண்ணைக் கேட்டல். பணம் பெறுவதற்கு ரகசிய எண் ஒருபோதும் தேவையில்லை.

ஏமாந்தவர்கள் உடனே 1930 என்ற எண்ணில் புகார் செய்ய வேண்டும். வேறொருவரிடம் திருடப்பட்ட பணம் கடைக்கு வந்து சேர்ந்தால், புகாரின் பேரில் கடைக்காரரின் கணக்கே முடக்கப்படலாம். 2023இல் கேரளத்தில் சிறுவணிகர் பலர் இதற்கு ஆளாயினர். வசூலுக்குத் தனிக் கணக்கு வைத்து, குடும்பச் சேமிப்பை வேறு கணக்கில் வைத்துக்கொண்டால், அடுப்பு எரிவது நிற்காது.

வரி பற்றிய அச்சம்

2025 சூலையில் கர்நாடகத்தில் யுபிஐ வரவுகளின் அடிப்படையில் சிறுவணிகர்களுக்கு வணிகவரி அறிவிக்கைகள் வந்தன. பெங்களூரில் பல கடைகள் க்யூஆர் அட்டையை அகற்றி, ரொக்கம் மட்டும் என எழுதி வைத்தன. ஆனால் சரக்கு சேவை வரிக்குப் பதிவு செய்யும் வரம்பு மொத்த விற்றுமுதலைப் பொறுத்தது; பணம் வந்த வழியைப் பொறுத்ததன்று. தமிழ்நாட்டில் பொருள் விற்போருக்கு அது ஆண்டுக்கு ரூ.40 லட்சம், அதாவது நாளொன்றுக்கு ஏறத்தாழ ரூ.11,000. வரிவிலக்குள்ள பொருள்களை மட்டும் விற்போர் பதிவு செய்யத் தேவையில்லை.

மொய்ப்பணம், சீட்டுப்பணம், மகன் அனுப்பிய பணம் ஆகியவை கடைக் கணக்கிலேயே வந்தால் விற்பனைபோலத் தோன்றும். தனிக் கணக்கு இதற்கும் உதவும். வருமான வரியில் உத்தேச வருமான முறையைத் தேர்ந்தெடுப்போருக்கு, ரொக்க விற்பனையில் 8 விழுக்காடும் வங்கி வழி வந்த விற்பனையில் 6 விழுக்காடும் இலாபமாகக் கொள்ளப்படுகின்றன. ரூ.20 லட்சம் விற்றுமுதலுக்கு இவை முறையே ரூ.1,60,000, ரூ.1,20,000.

பதிவேடாகப் பயன்படுதல்

மழை பொய்த்த ஆண்டில் கடைக்காரர் கடன் தேடி அலைவது மானாவாரி ஊர்களில் புதிதன்று. அடமானம் வைக்க நகை இல்லாதவரிடம் வியாபாரம் நடக்கிறது என்பதற்குச் சான்று கேட்பார்கள். 2015 ஏப்ரல் 8 அன்று தொடங்கிய முத்ரா திட்டம் உள்ளிட்ட கடன்களுக்கு, நாள்தோறும் வரவு பதிந்த வங்கிக் கணக்கு அறிக்கை அத்தகைய சான்றாகிறது. கடன் நோட்டில் நிலுவை தீர்ந்த பணமும் அக்கணக்கிலேயே வந்து சேர்ந்தால், கடையின் உண்மையான அளவு வங்கிக்குத் தெரியும்.