கறிவேப்பிலை மீது விழுந்த பழி

ரசத்தில் மிதக்கும் கறிவேப்பிலையை ஒதுக்கி வைக்கும் பழக்கம் நம்மில் பலருக்கு உண்டு. ஆனால், அதே இலையைப் பச்சையாகப் பெட்டியில் வைத்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால், விமான நிலையத்தில் அதிகாரிகள் பறிமுதல் செய்துவிடுவார்கள். வாசனைக்காக நாம் வளர்க்கும் ஓர் இலைக்கு ஏன் இந்தத் தடை?

காரணம், 3 முதல் 4 மில்லிமீட்டர் நீளமே உள்ள ஒரு பூச்சி. அதன் பெயர் ஆசிய சிட்ரஸ் சைலிட். பழுப்பு நிறப் புள்ளிகள் கொண்ட இந்தப் பூச்சி இலையில் அமரும்போது தலையைத் தாழ்த்தி, பின்பகுதியை 45 பாகை அளவுக்கு உயர்த்திக்கொண்டு நிற்கும். இந்த நிலையைக் கொண்டே அதை அடையாளம் காணலாம்.

கறிவேப்பிலையும் எலுமிச்சை, ஆரஞ்சு ஆகியவையும் ரூட்டேசியே என்ற ஒரே தாவரக் குடும்பத்தைச் சேர்ந்தவை. இவற்றின் இலையை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். ஊசியால் குத்தியதுபோல் சிறு புள்ளிகள் தெரியும். அவைதான் வாசனை எண்ணெய்ச் சுரப்பிகள். உறவுக்காரத் தாவரங்கள் என்பதால், சைலிட் பூச்சி இரண்டிலும் குடியேறுகிறது. பெண் பூச்சி விரியாத இளந்தளிர்களில் மட்டுமே முட்டையிடும். ஒரே பூச்சி தன் வாழ்நாளில் 800 முட்டைகள் வரை இடக்கூடும்.

பூச்சி சாற்றை உறிஞ்சினால் தளிர் சுருளும். அது பெரிய ஆபத்தல்ல. உண்மையான ஆபத்து, பூச்சியின் உடலுக்குள் பயணம் செய்யும் ஒரு பாக்டீரியா. நோயுற்ற ஆரஞ்சு மரத்தின் சாற்றைக் குடிக்கும் பூச்சிக்குள் அது புகுந்து பெருகுகிறது. பிறகு அந்தப் பூச்சி நல்ல மரத்தைக் குத்தும்போது, இலையில் தயாராகும் சர்க்கரையை மற்றப் பாகங்களுக்குக் கொண்டுசெல்லும் புளோயம் குழாய்களில் பாக்டீரியா இறங்கிவிடுகிறது. குழாய்கள் அடைபடுகின்றன. வேர் பட்டினி கிடக்கிறது. பழங்கள் சிறுத்து, கோணலாகி, கசக்கின்றன. அடிப்பகுதி பழுக்காமல் பச்சையாகவே நிற்கிறது. இதனால் இதற்குப் ‘பசுமையாதல் நோய்’ என்று பெயர். சீனாவில் ‘ஹுவாங்லோங்பிங்’ என்பார்கள். நோய் பிடித்த மரத்தைக் குணப்படுத்தும் வழி இன்றுவரை இல்லை.

தொடக்கத்தில் இதை மண்ணில் சத்துக் குறைவு என்றே பலர் நினைத்தார்கள். இது ஒட்டுக் கட்டுவதன் மூலம் மரத்திலிருந்து மரத்துக்குத் தொற்றும் நோய் என்பதை 1956ஆம் ஆண்டில் சீன விஞ்ஞானி லின் குங் சியாங் எடுத்துக்காட்டினார். பூச்சியின் பங்கு 1960களில் தெளிவானது.

இழப்பு எவ்வளவு என்பதற்கு அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலமே சாட்சி. அங்கே 1998இல் பூச்சியும் 2005இல் நோயும் கண்டுபிடிக்கப்பட்டன. 2003-2004 பருவத்தில் 242 மில்லியன் பெட்டி ஆரஞ்சு விளைந்த அம்மாநிலத்தில், 2023-2024இல் விளைந்தது சுமார் 18 மில்லியன் பெட்டிதான். புயல்களுக்கும் இதில் பங்குண்டு என்றாலும், முதன்மைக் காரணம் இந்நோயே. மலேசியாவில் திரெங்கானு உள்ளிட்ட இடங்களில் ‘லீமாவ் மடு’ தோட்டங்களையும் இது பாதித்திருக்கிறது.

அப்படியானால் கறிவேப்பிலைக்கும் இந்நோய் வருமா? இங்கேதான் வியப்பு. பிரேசிலில் நடந்த ஓர் ஆய்வின் முடிவு 2018இல் வெளியானது. கறிவேப்பிலைச் செடிக்குள் இந்தப் பாக்டீரியாவால் வாழ முடியவில்லை என்று அது காட்டியது. பூச்சிக்கு வீடு கொடுக்கும் செடி, நோய்க்கு இடம் கொடுப்பதில்லை!

பிறகு ஏன் தடை? நோயுற்ற மரத்தில் சாறு குடித்த பூச்சி ஒன்று கறிவேப்பிலைக் கொத்தில் வந்து அமர்ந்திருக்கலாம். செடி நலமாக இருந்தாலும், கொத்தோடு அந்தப் பூச்சியும் பயணம் செய்துவிடும். தடை இலைக்கு அல்ல, அதில் ஒளிந்து வரும் பயணிக்கு.

இதே குணம் நன்மைக்கும் உதவுகிறது. ‘டமாரிக்சியா’ என்ற மிகச் சிறிய குளவி, சைலிட்டின் இளம்பூச்சிக்கு அடியில் முட்டையிடும். குளவியின் புழு இளம்பூச்சியைத் தின்று வளரும். ஒரு பெண் குளவி 500 இளம்பூச்சிகள் வரை அழிக்கக்கூடும். பாகிஸ்தானின் பஞ்சாப் பகுதியில் சேகரிக்கப்பட்ட இக்குளவிகள் 2011இல் கலிபோர்னியாவில் விடப்பட்டன. குளவியைப் பெருக்க வேண்டுமென்றால் முதலில் சைலிட்டை வளர்க்க வேண்டும். நோய் தொற்றாமல் வளர்க்க ஏற்ற செடி எது? நம் கறிவேப்பிலைதான்!

உங்கள் வீட்டில் கறிவேப்பிலையும் லீமாவ் கஸ்தூரியும் அருகருகே இருக்கின்றனவா? புதுத் தளிர் விடும் நாள்களில் அதைப் புரட்டிப் பாருங்கள். மஞ்சள் நிற இளம்பூச்சிகளோ, நூல்போல் சுருண்ட வெள்ளை மெழுகோ தெரிந்தால் அந்தத் தளிரைக் கிள்ளி, பையில் கட்டி அப்புறப்படுத்துங்கள். எறும்புகள் மொய்த்தால் கவனியுங்கள். பூச்சி வெளியிடும் இனிப்புத் திரவத்துக்காக அவை குளவியை விரட்டிவிடும். எலுமிச்சை இலையில் நடுநரம்பின் இரு பக்கமும் ஒன்றுபோல் மஞ்சளாக இருந்தால் அது பெரும்பாலும் சத்துக் குறைவு. இரு பக்கமும் வெவ்வேறு விதமாகத் திட்டுத்திட்டாக மஞ்சளித்திருந்தால், இந்நோயைச் சந்தேகிக்கலாம்.

அடுத்த முறை ஊரிலிருந்து திரும்பும்போது, “ஒரு கறிவேப்பிலைக் கன்று கொண்டு போயேன்” என்று பாட்டி சொன்னால், அனுமதியில்லாமல் ஏன் கொண்டுவரக் கூடாது என்பதை இனி நீங்களே அவருக்கு விளக்கலாம்.